வெல்டர் தனபாலுக்கு நான் எழுதிய பால் துண்டு

1. இருபத்திரண்டு படி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளி டிஸ்பென்சரிப் படியேறி முடிப்பதற்குள் அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று எழுதி முடித்துவிடும் ஆள் நான். தோட்டத்து டிஸ்பென்சராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் பாதியை இந்தத் திறமையை நினைத்துப் பெருமைப்பட்டே கழித்தேன். மீதிப் பாதியை எப்படிக் கழித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. டிஸ்பென்சரி ஃபெக்டரிக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மேட்டில். ரோட்டிலிருந்து இருபத்திரண்டு படி. என் மேசை ஜன்னலோரம். ஏறுகிறவர் ஐந்தாம் படியில் கால் வைக்கும்போது பேனா மூடியைத் திறப்பேன். பதினைந்தாம் படியில் எழுதத் தொடங்குவேன். அவர் வாசலில் நின்று "சலாங்கய்யா" என்னும்போது துண்டு என் கையில் தயாராக நீட்டிக்கொண்டிருக்கும்.

துண்டு என்றால் தோட்டத்தில் சீட்டு. டிஸ்பென்சர் எழுதிக் கொடுக்கும் லீவுத் துண்டு இருந்தால்தான், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போது வராதவரைக் கணக்கப்பிள்ளை ஏசமாட்டார். ஆகவே காய்ச்சல்காரரும் என்னிடம் வருவார், கல்யாண வீட்டுக்குப் போக நினைப்பவரும் வருவார். இருவரையும் பிரிப்பது என் பொறுப்பு. நடையை வைத்தே பிரிப்பேன். காலை இழுத்தால் புண். தலையைத் துவாயால் மூடியிருந்தால் சளி. திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்கு என் அலுமாரியில் மருந்து கிடையாது.

ஒருமுறை ஒரு மனிதர் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, மெதுமெதுவாக ஏறி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் வயிற்றோட்ட மருந்தைக் கலக்கிப் போத்தலில் ஊற்றியே விட்டேன். உள்ளே வந்தவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து என் மேசையில் வைத்தார். "ஐயாவுக்குன்னு கொண்டாந்தேங்க" என்றார். அவரிடம் மருந்தையும் கொடுத்து அனுப்பினேன். கலக்கியதை வீணாக்கக் கூடாதல்லவா?

அந்தப் பூசணிக்காயோடு நான் திருந்தியிருக்க வேண்டும். சமைத்துச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

2. படங்குக்குள் ஒரு மனிதன்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளைப் புதுப்பித்தார்கள். பறித்து வரும் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றடிக்கும் நீளமான தொட்டிகள் அவை. பலகையெல்லாம் உளுத்துப்போய், கீழேயிருந்த தகரக் குழாய்களும் இற்றுப் போயிருந்தன. எல்லாவற்றையும் நாகம், அதாவது துத்தநாகம், பூசிய இரும்பில் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. ஏப்ரலில் கொழுந்து குவியத் தொடங்கும் முன்னால் வேலை முடிய வேண்டும். ஃபெக்டரியில் இருந்த ஒரே வெல்டர் தனபால்.

தனபால் என்னைவிட எட்டு வயது இளையவன். அவன் என்றே எழுதுகிறேன். கெட்டிக்காரன். அவன் சட்டையைப் பார்த்தால் தீப்பொறி பட்டுப் பட்டு வானத்து நட்சத்திரம் மாதிரி ஓட்டை. "புதுசு வாங்கேண்டா" என்றால், "காத்தோட்டமா இருக்குங்கய்யா, விடுங்க" என்பான். பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுக்கிற ஆள் தோட்டத்தில் எனக்கு அவன் ஒருவன்தான். அதனாலேயே அவனைப் பிடிக்கும்.

வெல்டிங் வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தேயிலை சலிக்கும் அறை. காய்ந்த தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். புகை ஏறிவிட்டால், கொழும்பில் ருசி பார்க்கிறவர் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, 'ஸ்மோக்கி' என்று எழுதிவிடுவார். பிறகு அந்தத் தேயிலைக்கு விலை இல்லை. அதனால் ஃபெக்டரியை நடத்தும் எங்கள் டீமேக்கர் ஒரு ஏற்பாடு செய்தார். அவர் சிங்களவர், தமிழை நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். வேலை நடக்கிற பக்கத்தைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை கனமான தார்ப்பாய்ப் படங்குகளைத் தொங்கவிட்டார். பள்ளத்தாக்கிலிருந்து வீசும் காற்று புகையைச் சலிக்கும் அறைக்குத் தள்ளிவிடும் என்று, ஜன்னல்களையும் ஆணி அடித்து மூடினார்.

நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். டீமேக்கர் படங்கை இழுத்துச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்:

"தனபால், பொக பொட்டு கூட அந்தப் பக்கம் போக ஏலாது. தேத்தூள் எல்லாத்தையும் குடிச்சிரும், தெரியுந்தானே?"

"தெரியுங்க. தேத்தூளு குடிக்காத மிச்சத்த நான் குடிச்சிக்கிறேன்."

டீமேக்கர் சிரித்தார். நான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தேன். நல்ல பகிடி என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

நாகம் பூசிய இரும்பைச் சுட்டால் வெள்ளைப் புகை வரும். படங்கை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே வெண்மை. நூல் நூலாக, பஞ்சைப் பிரித்து ஊதிவிட்டது போல, அவன் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். வாய்க்கு ஒரு கைலேஞ்சித் துணி கட்டியிருப்பான். தேயிலையைப் புகையிலிருந்து காப்பாற்ற இவ்வளவு யோசித்த நாங்கள், படங்குக்கு உள்ளே இருந்தவனைப் பற்றி யோசிக்கவில்லை. டீமேக்கரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் படித்தது தேயிலை. மனித நெஞ்சைப் பற்றிப் படித்தவன் நான்.

3. பால்குடி

வேலை தொடங்கிய முதல் வாரத்துத் திங்கட்கிழமை மாலையில் தனபால் வந்தான். பல் கிட்டுகிற நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி.

"வாயெல்லாம் தித்திப்பா இருக்குங்கய்யா. பீடி குடிச்சா பீடியும் தித்திக்குது."

எனக்கு அதைக் கேட்டதும் ஒரே சந்தோஷம். நோயாளி முன்னால் அப்படிச் சந்தோஷப்படக் கூடாது, ஆனாலும் பட்டேன். பயிற்சிக் காலத்தில் நாங்கள் எழுதிய குறிப்புக் கொப்பியில் இந்தக் காய்ச்சல் இருந்தது. நாகப் புகையை மூச்சில் இழுத்தால் மாலையில் குளிர் காய்ச்சல் வரும், மறுநாள் காலையில் தானாகப் போய்விடும். கொஞ்ச நாள் தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவு எடுத்தால் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை மறுபடி வரும். இதைப் படித்து இருபது வருடத்தில் ஒரு நோயாளிகூடக் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தான்.

அவனை உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். பிறகு ஒரு துண்டு எழுதினேன்: 'வெல்டிங் காய்ச்சல். பால் அரைப் போத்தல்.' பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் கரைப்பார்கள். அங்கே துண்டைக் காட்டினால் கொடுப்பார்கள். வெல்டிங் செய்கிறவர்கள் பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். எங்கள் கொப்பியில் அது இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் போய்விட்டது. எனக்கோ தலைக்கனம் ஏறிவிட்டது.

அடுத்த திங்களும் வந்தது, போயிற்று. அதற்கடுத்த திங்களும். மூன்று தடவையும் பால் துண்டு. மூன்றாம் தடவைக்கு அடுத்த நாள் காலையில் நான் பெரட்டுப் பக்கம் போயிருந்தேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாம் கூடையோடு நின்றார்கள். தனபாலின் மனைவி புஷ்பமும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னா புஷ்பம், ஒன் புருசன் பிள்ளைக் காம்பராவுல பால் குடிச்சானா? எப்ப மறக்கடிக்கப் போற?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கணக்கப்பிள்ளைக்குப் பெயர் வாசிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தனபாலுக்குப் பெயர் 'பால்குடி'. நான் கொடுத்த எந்த மருந்தும் அந்தத் தோட்டத்தில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. புஷ்பம் சிரித்தாளா என்று எனக்கு ஞாபகமில்லை. நான் என் பகிடிக்கு மற்றவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. வியாழக்கிழமை

நாலாவது வாரம். திங்கட்கிழமை அவன் வரவில்லை. 'உடம்பு பழகிவிட்டது' என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னலில் பார்த்தேன். தனபால் வந்துகொண்டிருந்தான். நின்று நின்று ஏறினான். ஒரு கையை வலது விலாவில் வைத்திருந்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எழுதினேன்: 'வெல்டிங் காய்ச்சல். பால் அரைப் போத்தல்.' அவன் வாசலுக்கு வரும்போது துண்டு என் கையில் இருந்தது.

"வாங்க பால்குடி! திங்கக்கெழம காய்ச்சல் வியாழக்கெழம வந்திருக்கு. ரயிலு லேட்டா?"

அவன் சிரிக்கவில்லை. அதுவரை என் பகிடிக்குப் பதில் பகிடி சொல்லாமல் அவன் இருந்ததே இல்லை.

"இல்லீங்கய்யா. இந்தத் தடவ வேற மாதிரி இருக்குங்க. திங்கக்கெழம வந்த காய்ச்சல் இன்னும் போகல. மூச்சு இழுத்தா விலாவுல குத்துது."

"படங்கு கட்டுறப்ப எங்கயாவது இடிச்சிருப்ப."

"சளி துரு மாதிரி வருதுங்க."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எழுதுகிறேன்.

"இரும்போட வேல செய்யிறவனுக்குத் துரு வராம, தங்கமா வரும்?"

அவன் துண்டை வாங்கினான். வாசித்துப் பார்த்தான். "லீவு எழுதலீங்களா?" என்று கேட்டான்.

"இன்னும் ரெண்டு நாள்ல வேல முடியுதாம். டீமேக்கர் என் கழுத்தப் பிடிப்பாரு. பால குடிச்சிட்டுப் போ. நாளைக்குச் சரியாப் போயிரும்."

"சரிங்க" என்று போனான். ஸ்டெதஸ்கோப் என் மேசையில் கிடந்தது. அவன் நெஞ்சில் வைக்க ஒரு நிமிடம் போதும். பெனிசிலின் ஊசி மருந்து அலுமாரியில் இருந்தது. அரை மணி நேரத்தில் தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பலாம். இவையெல்லாம் இருந்தன என்பதை எழுதி வைப்பது நல்லது. வசதி இல்லாத தோட்டம், மருந்து இல்லாத டிஸ்பென்சரி என்று யாரும் எனக்குச் சாக்குத் தேடித் தர வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் தனபால் வேலைக்குப் போனான். பதினொரு மணிக்கு வெல்டிங் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகியும் மறுபடி கேட்காததால், டீமேக்கர் படங்கை விலக்கிப் பார்த்திருக்கிறார். அவன் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். உதடு நீலமாக இருந்ததாம். டீமேக்கர் தானே அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். அப்போதுதான் முதல்முறையாக அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது பக்கம் கீழே மூச்சுச் சத்தமே இல்லை. அதற்கு மேலே உப்பைக் கல்லில் போட்டு அரைப்பது போன்ற ஒரு சத்தம்.

லொறியில் நானும் போனேன். ஒரு வளைவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், இருமல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நியூமோனியா என்றார்கள். அவர்கள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனான். வயது முப்பத்து நாலு.

5. இரண்டு காய்ச்சலும் ஒரு கணக்கும்

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் நான் ஒரு கணக்கில் ஒளிந்துகொண்டு பிழைத்தேன். கணக்கு இதுதான். புகையால் வந்த காய்ச்சல் ஒன்று, கிருமியால் வந்த காய்ச்சல் வேறொன்று. புகைக் காய்ச்சலை நான் மூன்று முறையும் சரியாகக் கண்டுபிடித்தேன். நாலாம் முறை கிருமி தனியாக வந்தது. அது யாருக்கும் வரலாம். எனக்கு வந்திருக்கலாம், டீமேக்கருக்கு வந்திருக்கலாம். தனபாலுக்கு வந்தது அவன் கெட்ட காலம். நான் பார்க்காமல் விட்டது பிழைதான். ஆனால் எதிர்பார்த்திருக்க முடியாது.

பரவாயில்லாத கணக்கு. அதை வைத்துக்கொண்டு தூங்க முடிந்தது. ஜன்னல் வைத்தியத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். முழுக்க விடவில்லை. பேனா மூடியை முன்போல ஐந்தாம் படியில் திறக்காமல், பத்தாம் படியில் திறந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, தோட்டத்து டிஸ்பென்சர்களுக்கு ஹட்டனில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். பாடம் எடுக்க ஒரு பெண் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. நெஞ்சு நோய் படித்தவர். நாங்கள் பின் வரிசையில் இருந்து, மத்தியானச் சாப்பாடு கோழியா மீனா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். அதற்குள் சின்னப் புள்ளிகளை வரிசையாக வைத்தார்.

"இந்தப் பெரிய வட்டம் ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது, என்ன? இந்தப் புள்ளியள் புகையில இருக்கிற துகள். ஒரு கிருமியின்ர அகலத்துக்குள்ள பத்து இருவது துகளை வரிசையா நிப்பாட்டலாம். அடுப்புப் புகை, டீசல் புகை, வெல்டிங் புகை எல்லாத்திலயும் இது இருக்கு. இதுக்கு நானோ துகள் எண்டு பேர்."

வெல்டிங் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்கட நெஞ்சுக்குள்ள கிருமியைப் பிடிச்சுத் தின்னுற செல் இருக்கு. அது துகளையும் தின்னும். வயிறு முட்டத் தின்னுட்டு, கிருமி வரேக்க ஆடி அசைஞ்சு நிக்கும். அது ஒண்டு. மற்றது, மூச்சுக் குழாயின்ர உள்பக்கத்து செல்லுகள். புகை பட்டு எரிச்சல்பட்டுதெண்டால், அந்த செல்லுகளின்ர மேற்பக்கத்தில சில கொழுக்கியள் கூடும். நியூமோனியாக் கிருமிக்கு அந்தக் கொழுக்கிதான் கைபிடி. பிடிச்சு உள்ள போயிடும். கிருமி எப்பவும் எங்கட மூக்கிலயும் தொண்டையிலயும் இருக்கிறதுதான். புகை அதுக்குக் கதவைத் திறந்து விடுது."

முன் வரிசையில் ஒருவர் கேட்டார், "எல்லாத் துகளும் இப்பிடியாங்க மிஸ்?"

"இல்லை. எந்த உலோகம், எவ்வளவு, எத்தினை நாள் எண்டு பாக்க வேணும். இதில இன்னும் கனக்க விஷயம் எங்களுக்கே வடிவாத் தெரியாது. ஆனா வெல்டிங் செய்யிற ஆக்களுக்கு மற்ற ஆக்களை விட நியூமோனியா கூட வரும் எண்டது தெரியும்."

நான் கையைத் தூக்கினேன். என் பகிடியைத் தெரிந்த பக்கத்து டிஸ்பென்சர், ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று முன்கூட்டியே சிரித்தார்.

"மிஸ், வெல்டிங்காரங்களுக்குத் திங்கக்கெழமையில ஒரு காய்ச்சல் வருமே. மறுநாள் போயிருமே. அது வேற, இது வேறதானே?"

"காய்ச்சல் ஒரு நாளில போயிட்டுது எண்டால் துகளும் போயிட்டுது எண்டு நினைக்கக் கூடாது. அது உள்ளுக்க கிடக்கும். அந்தக் காய்ச்சல் என்ன சொல்லுது? இந்த ஆள் நல்லாப் புகை குடிச்சிருக்கிறார், கவனமாப் பாருங்கோ எண்டு சொல்லுது. அவருக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்து போகாமல் நிண்டுதெண்டால், முதலில நெஞ்சைத்தான் பாக்க வேணும்."

"பால் குடுத்தா?"

"பால் வயித்துக்குப் போகும். புகை போனது நெஞ்சுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் கேக்கிறியள்? உங்களிட்ட அப்பிடி ஆரும் வந்தவையோ?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு டிஸ்பென்சருகிட்ட வந்திருக்காரு மிஸ்."

"காய்ச்சல் எத்தினையாம் நாள்?"

"நாலாம் நாளுங்க."

"அவர் நெஞ்சைப் பாத்தவரோ?"

"பாக்கலீங்க."

அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஐயோ பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மத்தியானம் கோழிதான். பந்தயத்தில் ஜெயித்தேன். சாப்பிட முடியவில்லை. நான் ஒளிந்திருந்த கணக்கை அந்த டொக்டர்ப் பிள்ளை ஒரு சோக்கட்டியால் அழித்துவிட்டார். மூன்று திங்கட்கிழமையும் அந்தக் காய்ச்சல் என்னிடம் வந்து, 'இவனைப் பார், இவனைப் பார்' என்று சொல்லியிருக்கிறது. நான் அதற்குப் பெயர் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அது சொன்ன சேதியைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். நோயின் பெயர் தெரியாதவனாக இருந்திருந்தால், பயந்துபோய் அவனை முதல் வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

இப்போது டிஸ்பென்சரிகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இதை வாசித்தால், அவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் அன்றைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 'இந்தத் தடவ வேற மாதிரி இருக்கு' என்று நோயாளி சொன்னால், புத்தகத்தை மூடிவிட்டு அவர் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். புகையில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்து போனபின், அடுத்த பல நாளைக்கு அவர் இருமலை விசாரியுங்கள். பகிடி விடுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். நெஞ்சைப் பார்த்து முடித்த பிறகு விடுங்கள்.

அந்த வகுப்பு முடிந்த வாரமே டீமேக்கரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் ஃபெக்டரியில் வெல்டிங் வேலையெல்லாம் வெளியே, பட்டறைக்குப் பின்னால், திறந்த கொட்டகையில்தான். மழை பெய்தால் வேலை நிற்கும்.

6. புஷ்பம்

டீமேக்கரிடம் ஒரு வாரத்தில் போனவனுக்கு, புஷ்பத்திடம் போக மூன்று வருடம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் பார்ப்பேன். தலைவலிக்கு மாத்திரை வாங்க வருவாள், வாங்கிப் போவாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். நானும் மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

பென்ஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குப் போனேன். அவள் குடியிருந்த காம்பராவுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கய்யா. யாருக்கு என்னாங்க?"

டிஸ்பென்சர் வீடு தேடி வந்தால் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல புஷ்பம். ஒன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

முக்காலி எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போகப் பார்த்தவளை வேண்டாம் என்று நிறுத்தினேன். வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். டொக்டர் சொன்னது போலவே புகையில் இருக்கும் துகள், கிருமியைவிட எவ்வளவு சின்னது, செல், கொழுக்கி, கதவு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடத்தில் நான் நோயாளி வீட்டாருக்குக் கொடுத்த மிக நீளமான விளக்கம் அதுதான். பத்து வருடம் பிந்திக் கொடுத்தேன். அவள் பாத்தி ஓரத்தில் குந்தி, ஒரு மண்கட்டியை விரலால் உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெளங்குதா புஷ்பம்?"

"பொகதாங்கய்யா உள்ள போயி கிருமிக்கு எடம் குடுத்திருக்கு."

நான் கால் மணி நேரம் பேசியதை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

"ஆமா. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலேன்னாலும், அவன் வெலா குத்துதுன்னு சொன்னான், சளி துருவா வருதுன்னு சொன்னான். நான் நெஞ்சுல வச்சுப் பார்க்கல. கேலி பண்ணி அனுப்பிட்டேன். ஊரெல்லாம் அவனப் பால்குடின்னு சொன்னதும் என்னாலதான்."

அவள் இன்னொரு மண்கட்டியை எடுத்து உடைத்தாள். தூரத்தில் யாரோ பிள்ளையைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள் ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் ஏசாததால் இன்னும் பேசினேன்.

"நான் அன்னைக்கு லீவு எழுதிக் குடுத்திருந்தா அவன் வெள்ளிக்கெழம வேலைக்குப் போயிருக்க மாட்டான். அத நெனைக்காத நாளில்ல. தப்பு முழுக்க என்னோடது புஷ்பம். அவன வேலைக்கு அனுப்புனது நான்தான்."

புஷ்பம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"திட்டி எழுப்பி அனுப்புனது நாந்தாங்கய்யா."